அடுத்து வருபவருக்காக எழுதிய கணக்கு

சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று நடப்பவர்களின் கண்ணில் படுவது வானளாவிய கட்டடங்கள்தாம். வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், பன்னாட்டு அலுவலகங்கள் என்று அந்த வட்டாரமே பணத்தின் மொழியில் பேசுகிறது. ஆனால் 1970களில் நகரச் சீரமைப்பு வரும்வரை அங்கே பழைய கடைவீடுகள் வரிசையாக நின்றன. தமிழர்கள் அதைச் செட்டித் தெரு என்றே அழைத்தார்கள். அந்தக் கடைவீடுகளுக்குக் கிட்டங்கி என்று பெயர். அங்கேயும் பணம்தான் பேசியது. ஆனால் அது தமிழில் பேசியது.

கிட்டங்கிக்குள் நுழைந்தால் நீளமான ஒரு கூடம். அதில் நாற்காலி இல்லை, பெரிய மேசை இல்லை. இருபுறமும் வரிசையாக மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு பாய், எழுதுவதற்குத் தாழ்வான ஒரு சாய்வு மேசை. அந்தப் பாயில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பவர் ஒரு நகரத்தார். ஒரு பெட்டி என்பது ஒரு நிறுவனம். கூடத்தில் இருபது பெட்டிகள் இருந்தால் இருபது தனித்தனி நிறுவனங்கள் அங்கே இயங்கின என்று பொருள்.

எண்ணிப் பாருங்கள். முதலாளி கடலுக்கு அப்பால், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கிறார். பணம் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் மேடானிலும் சைகோனிலும் வட்டிக்குப் போயிருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று பேர்தாம் வேலையில். தொலைபேசி இல்லாத காலத்தில் தொடங்கிய தொழில் இது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எப்போது வரும், யாரை நம்பலாம் என்கிற அத்தனை தகவலையும் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி வைத்துக் காப்பாற்றினார்கள்?

வங்கிக்கும் தெருவுக்கும் நடுவே

நகரத்தார்கள் 1820களிலேயே மலாயாவின் துறைமுகங்களுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். பினாங்கில் அவர்கள் எழுப்பிய முருகன் கோயில் 1857ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் உள்ள அருள்மிகு தெண்டாயுதபாணி கோயில் 1859ல் எழுந்தது. அதே 1859ல்தான் சார்ட்டர்ட் வங்கியும் சிங்கப்பூரில் கிளை திறந்தது.

ஆனால் ஐரோப்பிய வங்கிகள் பெரிய வணிக நிறுவனங்களோடுதான் உறவு வைத்துக் கொண்டன. சிறிய கடைக்காரர், குத்தகையாளர், ஐந்தாறு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர், மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தா ஆகியோருக்கு அங்கே கதவு திறக்கவில்லை. காரணம் பணம் இல்லாதது அல்ல, தகவல் இல்லாதது. இந்த மனிதர் யார், நாணயமானவரா, இவருடைய கடையில் வியாபாரம் எப்படி என்பது வங்கியின் வெள்ளைக்கார மேலாளருக்குத் தெரியாது. கிட்டங்கியில் பாயில் அமர்ந்திருந்தவருக்குத் தெரியும். வங்கியிடம் கடன் வாங்கி, அதைத் தெருவில் உள்ளவருக்குக் கடனாகக் கொடுத்து, இரண்டு உலகங்களுக்கும் நடுவே பாலமாக நின்றார்கள் செட்டியார்கள். அவர்களுடைய உண்மையான முதலீடு பணம் மட்டுமல்ல; ஆளைப் பற்றிய அறிவும்தான்.

மூன்று ஆண்டுக்கு ஓர் ஆள்

ஒரு பெட்டியின் பொறுப்பாளருக்கு மேலாள் என்று பெயர். அவருக்குத் துணையாக அடுத்தாள். எடுபிடி வேலை செய்துகொண்டே தொழில் பழகும் சிறுவன் பெட்டியடிப் பையன். மேடானுக்கு வேலைக்குப் போன ப. சிங்காரம், பின்னாளில் எழுதிய 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்களில் இந்த உலகத்தைப் படிப்பவர்கள் காணலாம்.

மேலாள் பெரும்பாலும் முதலாளி அல்லர்; முதலாளியின் முகவர். முக்தியார் பத்திரம், அதாவது முதலாளியின் பெயரில் செயல்படும் அதிகாரம் அவர் கையில் இருக்கும். குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கப்பல் ஏறி வருவார். வழக்கமாக மூன்று ஆண்டுகள் இருப்பார். காலம் முடிந்ததும் ஊர் திரும்புவார். அவருடைய இடத்தில் இன்னொருவர் வந்து அமர்வார்.

இந்த மூன்று ஆண்டு ஏற்பாட்டைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. கிட்டங்கியின் கணக்கு முறை முழுவதையும் புரிந்துகொள்ளும் திறவுகோல் அதுதான்.

ஒரே மனிதர் முப்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் அமர்ந்திருந்தால் அவர் எதையும் எழுத வேண்டியதில்லை. எல்லாம் தலைக்குள் இருக்கும். கேட்டால் சொல்லிவிடுவார். மூன்று ஆண்டில் கப்பல் ஏறப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. தாம் அறிந்ததை, தம்மை அறியாத ஒருவர் நாளை எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ளும்படி அவர் எழுதி வைத்தாக வேண்டும். 'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்று நம் முன்னோர் சொன்ன பழமொழியை அந்தக் கூடத்தில் ஒவ்வொரு நாளும் வாழ்ந்து காட்டினார்கள்.

சிட்டை முதல் ஐந்தொகை வரை

பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்? முதலில் சிட்டை. அன்றாடம் வந்ததையும் போனதையும் நடந்த வரிசையிலேயே எழுதும் கைக்குறிப்பு. அதிலிருந்து ஒழுங்குபடுத்தி எழுதுவது குறிப்பேடு. குறிப்பேட்டிலிருந்து ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, பற்றும் வரவும் பதிவது பேரேடு. காலக் கெடு முடிவில் எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்க வேண்டியது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று காட்டுவது ஐந்தொகை.

இதன் சிறப்பு, ஒரே செய்தி பல இடங்களில் பதிவாவதுதான். ஒருவர் நூறு வெள்ளி திருப்பிக் கட்டினால் அது நாள் வரிசையிலும் இருக்கும், பெயர் வரிசையிலும் இருக்கும். ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றொன்று காட்டிக் கொடுத்துவிடும். இன்று கணினியில் நாம் தேதி வாரியாகவும் பெயர் வாரியாகவும் தேடுவதை அவர்கள் ஏடுகளால் செய்தார்கள்.

நிறுவனத்தின் பெயரும்கூடத் தகவல்தான். அதற்கு விலாசம் என்று பெயர். பாட்டனார், தகப்பனார், பங்காளி ஆகியோரின் முதலெழுத்துகளைக் கோத்து, ஆனா, மூனா, ரூனா, லேனா என்று வாசிப்பார்கள். வெளியாருக்கு அது வெறும் எழுத்துக் கோவை. நகரத்தார் ஒருவரின் காதில் விழுந்தாலோ, எந்தக் குடும்பம், யாருடைய பிள்ளை, பின்னால் யார் பணம் நிற்கிறது என்கிற மூன்று தலைமுறைச் செய்தி அதில் கிடைத்துவிடும்.

கணக்குப் போட்டது தமிழ்ப் பின்னங்களில். அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று 320ல் ஒரு பங்குவரை பெயர் சொல்லிக் கணக்கிட அந்த முறையில் இடம் உண்டு. வட்டியை நூற்றுக்கு மாதம் இவ்வளவு என்று பேசுவார்கள். பெட்டியடிப் பையன் இந்த வாய்பாடுகளை மனப்பாடமாக்கியே தீர வேண்டும். அவன் பயின்ற பல்கலைக்கழகம் அந்தப் பாய்தான். பத்துப் பன்னிரண்டு வயதில் மை தொட்டுக் கொடுத்தவன், கணக்கு எழுதக் கற்று, அடுத்தாளாகி, ஒரு நாள் மேலாளாகி விடுவான். அதனால் எந்த ஊரின் பெட்டிக்குப் போனாலும் எழுதும் முறை ஒன்றாகவே இருந்தது. பினாங்கில் பழகியவர் மேடானில் போய் அமர்ந்தாலும் பேரேட்டைப் படிக்கத் திணற வேண்டியதில்லை.

கூடமே செய்தி நிலையம்

ஏட்டில் எழுத முடியாத தகவலும் உண்டு. ஒரு கடைக்காரர் தடுமாறுகிறார், ஒரு குத்தகையாளர் இரண்டு இடத்தில் கடன் கேட்கிறார் என்பன போன்ற செய்திகள் அவை. இருபது நிறுவனங்கள் சுவர் இல்லாமல் ஒரே கூடத்தில் இருந்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி வாழ்ந்தவர்கள். ஒரு பெட்டியில் ஏமாற்றியவர் அடுத்த பெட்டிக்குப் போய்ப் புதிய மனிதரைப் போல் நிற்க முடியாது.

கோயிலும் இந்த அமைப்பின் ஓர் உறுப்பு. ரங்கூனில் முகல் தெரு வட்டாரத்துச் செட்டியார்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்திற்கான நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கோயிலுக்குச் செலுத்தும் மகமையும் கணக்கில் ஏறியது. சண்டை சச்சரவுகளும் முதலில் அங்கேதான் பேசப்பட்டன. 1930ல் வெளியான பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்நாட்டில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்கியதாகவும், அவர்களின் மூலதனம் 75 கோடி ரூபாய் இருக்கும் என்றும் மதிப்பிட்டது. தலைமை அலுவலகம் என்று ஒன்று இல்லாமலேயே இத்தனையும் நடந்தது.

ஊரில் இருந்த முதலாளிக்குக் கப்பல் தபாலில் கணக்கும் கடிதமும் போய்க்கொண்டே இருந்தன. 1871ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வந்தபின் அவசரச் செய்திகள் வேகமெடுத்தன. ஆனாலும் விவரம் தெரிய வேண்டுமென்றால் கடிதம்தான்.

அதே தெருவில் இன்னொரு பாடம்

சிறிய அமைப்புகளின் இந்தத் திறமை தமிழருக்கு மட்டும் உரியதன்று. சீனத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணமும் கடிதமும் சேர்த்து அனுப்ப, சீனக் கடைக்காரர்கள் கடித நிலையங்களை நடத்தினார்கள். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திற்கும் ஒரு வரிசைக் குறியீடு உண்டு. வரிசை எண்ணுக்குப் பதிலாக, சீனப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் 'ஆயிரம் எழுத்து' நூலின் எழுத்துகளைக் குறியீடாகப் பயன்படுத்துவதும் உண்டு. பணம் போய்ச் சேர்ந்ததும் ஊரிலிருந்து ஒரு சிறு பதில் கடிதம் திரும்பி வரும். அதுதான் ரசீது. தாயின் அல்லது மனைவியின் பதில் கையில் கிடைத்தால்தான் அந்தக் கணக்கு முடிந்தது.

1876 டிசம்பரில் அரசாங்கம் இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தன் கையில் எடுக்க எண்ணி, மார்க்கெட் ஸ்திரீட்டில் சீனர்களுக்கென ஒரு துணை அஞ்சலகத்தைத் திறந்தபோது கலகமே மூண்டது. கூட்டம் அந்த அஞ்சலகத்தைத் தாக்கியது. தங்கள் வருமானம் போய்விடும் என்று கடித வணிகர்கள் அஞ்சியது ஒரு காரணம். படிக்கத் தெரியாத தொழிலாளிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவருடைய கிராமத்தை அறிந்து, வீட்டு வாசல்வரை கொண்டு சேர்த்த அமைப்பின் இடத்தை ஓர் அரசாங்கக் கட்டடம் ஒரே நாளில் பிடித்துவிட முடியாது என்பதும் உண்மை. அந்தக் கடிதங்களில் எஞ்சியவை சீனாவில் திரட்டப்பட்டு, 2013ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

ஏட்டின் மறுபக்கம்

கிட்டங்கியைப் புகழ்ந்து மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. பேரேடு தமிழில் இருந்தது. கடன் வாங்கிய மலாய் விவசாயிக்கோ, பர்மிய உழவருக்கோ, சீனக் கடைக்காரருக்கோ அதைப் படிக்கத் தெரியாது. எவ்வளவு கட்டினோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதற்கு மற்றவர் கையில் இருந்த ஏடுதான் சாட்சி. தகவல் ஒரு பக்கம் மட்டுமே இருந்தால், ஏட்டை வைத்திருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மறுபக்கத்தில் ஐயம் முளைக்கும். நெருக்கடி வரும்போது அந்த ஐயம் பகையாக மாறும்.

அதுதான் நடந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 விழுக்காட்டு நிலம்தான் அவர்களிடம் இருந்தது. 1937ல் அது ஏறத்தாழ 25 விழுக்காடு ஆகிவிட்டது. பெரும்பாலோர் விரும்பியது நிலத்தை அல்ல, பணத்தைத்தான். ஆனால் நிலத்தை இழந்தவருக்கு அந்த வேறுபாடு முக்கியமாகப் படவில்லை. மலாயாவில், மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்க 1913லேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்துவிட்டது. கடன் விவரத்தை எழுத்தில் தந்து, அதன் பிரதியைக் கடன் வாங்கியவரிடமும் ஒப்படைக்க வேண்டும் என்று பின்னாளில் வந்த வட்டித் தொழில் சட்டங்கள் வற்புறுத்தின. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அது இரு தரப்பாருக்கும் தெரிய வேண்டும் என்பதை உலகம் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது.

போர் வைத்த தேர்வு

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் செட்டிநாட்டோடு வழக்கமான தபால் இல்லை, கப்பல் இல்லை. மூன்று ஆண்டு முடிந்த மேலாள் ஊர் திரும்ப முடியவில்லை. அவரை விடுவிக்க வேறு ஆளும் வர முடியவில்லை. கடன் வாங்கியிருந்தவர்களில் பலர், மதிப்பிழந்து கொண்டிருந்த ஜப்பானிய வாழைமர நோட்டைக் கொண்டுவந்து பழைய கடனை அடைத்தார்கள்.

போர் முடிந்தபின் பெரிய கேள்வி எழுந்தது. அந்தப் பணத்தில் அடைத்த கடன் அடைந்த கடன்தானா? 1948ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியப் பணம் எந்தச் சமயத்தில் எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்தது என்று அதில் ஓர் அட்டவணை தரப்பட்டது. எந்தத் தேதியில் கொடுத்தார், எந்தத் தேதியில் வாங்கினார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். அதாவது, குண்டு விழுந்த நாள்களிலும் தேதி போட்டு ஒழுங்காக எழுதி வைத்தவரிடம் ஆதாரம் இருந்தது. எழுதாதவரிடம் வாய்ச்சொல்தான் மிஞ்சியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டில் இருந்த சுரைக்காய்தான் கறிக்கு உதவியது.

பெட்டி போனது, பாடம் போகலாமா?

போருக்குப் பின் தொழில் சுருங்கியது. பர்மாவில் 1948ல் விடுதலையோடு நில நாட்டுடைமைச் சட்டமும் வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வங்கிகள் பெருகின. மேலாள்கள் குடும்பத்தோடு குடியேறினர். பிள்ளைகள் படித்து வேறு தொழில்களுக்குப் போயினர். மார்க்கெட் ஸ்திரீட் இடிபட்டபோது, எஞ்சியிருந்தவர்கள் டேங்க் ரோடு, சிராங்கூன் சாலைப் பக்கம் பெயர்ந்தார்கள்.

சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் 1968ல் தோன்றியது. வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979ல் தொடங்கியது. மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகம் 1957லிருந்தே இருக்கிறது. ஆனால் காப்பகம் என்பது நாம் கொண்டுபோய்க் கொடுப்பதைத்தான் காக்கும். ஒரு பேரேடு என்பது வட்டிக் கணக்கு மட்டுமன்று. எந்த ஊரில் எந்தத் தமிழர் கடை வைத்தார், எந்த ஆண்டில் ரப்பர் விலை சரிந்து யார் நொடித்தார், எந்தக் கோயில் திருப்பணிக்கு யார் எவ்வளவு தந்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. வீட்டின் பரணில் கிடக்கும் பழைய ஏட்டைக் கரையானுக்குக் கொடுப்பவர், தம் குடும்பக் கதையை மட்டுமல்ல, ஊரின் கதையையும் சேர்த்தே கொடுத்து விடுகிறார்.

இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்துகிறது. நம் கோயில் நிர்வாகக் குழுக்கள், இளைஞர் மன்றங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் எல்லாமே சிறிய அமைப்புகள்தாம். முழுநேர ஊழியர் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். புதிய செயலாளர், புதிய பொருளாளர். பல இடங்களில் உறுப்பினர் பட்டியல் ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் இன்னொருவர் காரில் இருக்கிறது. முடிவுகள் கைப்பேசியின் புலனக் குழுவில் கிடக்கின்றன. பொறுப்பாளர் மனம் கசந்து விலகினாலோ, திடீரென மறைந்தாலோ, அமைப்பின் நினைவும் அவரோடு போய்விடுகிறது. பிறகு புதியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். பழைய கணக்கைப் பற்றிச் சந்தேகமும் சண்டையும் கிளம்புகின்றன.

கிட்டங்கியில் அமர்ந்தவர்களிடம் கணினி இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பழக்கம். அன்றையதை அன்றே எழுதுவது, எல்லோரும் ஒரே முறையில் எழுதுவது, இளையவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குவது, போகும்போது பெட்டியை அடுத்தவர் கையில் முறையாக ஒப்படைப்பது. அவர்கள் செய்யத் தவறிய ஒன்றை நாம் சேர்த்துக் கொள்ளலாம்: கணக்கை, அதனால் பாதிக்கப்படுகிறவருக்கும் புரியும் மொழியில் காட்டுவது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு முன்பு ஒவ்வொரு சங்கமும் ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக் கொள்ளட்டும். இன்றைய செயலாளர் நாளைக் காலை கப்பல் ஏறிவிட்டால், அவருடைய பெட்டியைத் திறந்து வேறொருவர் வேலையைத் தொடர முடியுமா? முடியாது என்பது பதிலானால், ஒரு புதிய பேரேடு வாங்கி இன்றைய தேதியைப் போட்டு எழுதத் தொடங்கலாம்.